எழுந்து நின்ற வேட்பாளர்

நேற்று சாயங்காலம் டிவியில் ஒரு வேட்பாளரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் சபைப் பையன்தான். அவன் பிறந்தபோது முதல் சட்டை தைத்துக் கொடுத்தவளே நான்தான். கேள்வி கேட்டவர், "உங்க பெரிய ஐயா ஒண்ணு சொல்றாரு, ஓட்டுப் போட்ட ஜனங்க வேற ஒண்ணு சொல்றாங்கன்னு வைங்க. நீங்க யார் பக்கம்?" என்றார். பையன் கால்மேல் கால் போட்டபடி, "ரெண்டு பேரும் ஒரே நல்லதைத்தானே நினைப்பாங்க" என்று சிரித்தான். வழுக்கிக்கொண்டு போகிற பதில். அடேயப்பா, எங்கே படித்தானோ.

பார்த்தால் நான் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன்.

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, டிவிக்கெல்லாமா எந்திரிப்பாங்க? முட்டி வலிக்குதுன்னு காலைல இருந்து புலம்புனியே, உக்காரும்மா." எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் அந்தப் பையன் மேல். இதே கேள்விக்கு முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவருக்கு இந்த மாதிரி வழுக்கத் தெரியாது.

எழுந்து நிற்கிற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய ஐயா என்றால் எங்கள் சபைக்குத் தலைவர். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் ஊரில் இருந்தார். என் ஆயுசில் அவரை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் 'பெரிய ஐயா' என்ற சொல் காதில் விழுந்தால் சபையார் எழுந்து நிற்க வேண்டும். எங்கே இருந்தாலும் சரி, என்ன செய்துகொண்டிருந்தாலும் சரி. என் பிறந்த வீட்டில் இதை ஒப்புக்குச் செய்வார்கள். புகுந்த வீட்டிலோ கெடுபிடி. மாமனார் மூச்சுக்கு மூச்சு அந்தச் சொல்லைச் சொல்லுவார். கல்யாணமான முதல் மாதம், நறுக்க உட்கார்ந்தால் எழுந்திரு, தைக்க உட்கார்ந்தால் எழுந்திரு. இடுப்பு கழன்றுவிட்டது. ஆறு மாதத்தில் பழகிப்போனேன். அப்புறம் நான் எழுந்திருக்கவில்லை, கால்கள் தாமாகவே எழுந்தன.

என் வீட்டுக்காரருக்கு நகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் வேலை. சைக்கிளில் நீளமான இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வால்வு திறப்பார். ஊரில் அவருக்கு வால்வுக்காரர் என்றுதான் பெயர். எங்கள் தெருவுக்கு ஆறு பத்து என்றால் ஆறு பத்துதான். கடிகாரம் ஓடாத வீடுகளில் அவரை வைத்தே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவார்கள்.

சபையில் அவர் வாசகர். வாரா வாரம் பெரிய ஐயாவிடமிருந்து ஒரு கடிதம் வரும். அதை ஒட்டின உறையோடு வாசிப்பு மேசையில் வைப்பார்கள். வாசகர் முன்னாலேயே பிரித்துப் பார்க்கக் கூடாது. எல்லார் காதிலும் விழும்போதுதான் அவர் கண்ணிலும் பட வேண்டும் என்பது முறை. சபை முழுக்க எழுந்து நிற்க, அவர் உறையைக் கிழித்து, கனைக்காமல், தடுக்காமல் வாசிப்பார். எனக்குக் கல்யாணம் பேசியபோது அவருடைய மூக்கைப் பார்த்து வேண்டவே வேண்டாமென்றேன். அந்த வாரம் சபையில் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, மூக்கு கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு குரல். வாசிக்கும்போது தோளில் நீலக் கரை போட்ட வெள்ளைத் துண்டு போட்டுக்கொள்வார், அதுவும் நான் தைத்ததுதான். இருபத்திரண்டு வருஷம் ஒரு வாரம்கூட விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த வாரம்கூடப் போர்வையோடு போய் வாசித்துவிட்டு வந்தார். அவரிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அந்த மேசையை மட்டும் எடுத்தால் மனுஷன் பாதி ஆளாகிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவர் எதற்குத் தேர்தலில் நின்றார்? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஐந்து தெருக்கள். அங்கே குழாய் கிடையாது. குழாய் போட வேண்டுமானால் எங்கள் சபைக் கூடத்துத் தோட்டத்தின் வழியாகத்தான் போட முடியும், வேறு வழியில்லை. நகராட்சி ஒருமுறை கேட்டுப் பார்த்தது. அது தியானத் தோட்டம், மண்வெட்டி படக் கூடாது என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அவ்வளவுதான், கோப்பை மூடிவிட்டார்கள். அந்த ஐந்து தெருக்களுக்கும் லாரியில் தண்ணீர் விற்றவர்தான் எங்கள் பகுதிக்கு நகராட்சி உறுப்பினர். லாரிக்காரர் என்போம். அவர் எதற்குக் கோப்பைத் திறக்கப் போகிறார்?

ஒருநாள் அந்தத் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி, "ஊருக்கெல்லாம் திறந்துவிடுறீங்களே அண்ணே, எங்களுக்கு எப்போ?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். இவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுவாரம் நகராட்சி வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "நான் எலெக்‌ஷன்ல நிக்கப்போறேன்" என்றார். நான் தைத்துக்கொண்டிருந்த துணியில் ஊசி என் விரலோடு சேர்த்து இறங்கியது.

"உங்களுக்குப் பைத்தியமா?"

"வேலையில இருந்துட்டு நிக்க முடியாதும்மா. சட்டம் அப்படி."

"சட்டத்தைக் கேட்கலங்க, உங்களைக் கேட்டேன்."

அவருக்குக் கெட்டில் சின்னம் கிடைத்தது. கொடி முழுக்க நான் தைத்தேன். லாரிக்காரர் கட்சிக் கொடியும் என்னிடம்தான் வந்தது. தொழில் வேறு, வயிற்றெரிச்சல் வேறு என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தக் கொடிகளுக்கு மட்டும் தையல் கொஞ்சம் லொடலொடவென்று விழுந்தது. மெஷின் கோளாறு, நான் என்ன செய்ய?

லாரிக்காரர் சும்மா இருப்பாரா? தெருமுனையில் நின்று, "வால்வைத் திறக்கிறது இவருதான். ஆனா சாவி இவர் கையில இல்ல, இவங்க சபைத் தலைவர் கையில இருக்கு" என்று ஆரம்பித்தார். அந்தப் பேச்சு எல்லாத் தெருவுக்கும் இவருடைய தண்ணீரைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லா வேட்பாளர்களையும் மேடையேற்றிக் கேள்வி கேட்கிற கூட்டம். இந்தக் கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

அதனால் ஒத்திகை பார்த்தோம். மத்தியான வேளையில், தையல் மெஷினுக்கு இந்தப் பக்கம் நான் லாரிக்காரர், அந்தப் பக்கம் இவர். நான் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "ஐயா, அவங்க தோட்டத்தைத் தோண்டக் கூடாதுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்பேன். இவர் பதில் சொல்லுவார். நாலு நாள் செய்தோம், பதில் பழமாகப் பழுத்துவிட்டது. ஒன்றைக் கவனித்தீர்களா? 'அவங்க' என்றுதான் கேட்டேன். 'பெரிய ஐயா' என்று சொன்னால் இரண்டு பேரும் எழுந்து நிற்க வேண்டுமே, மடியில் துணி கிடக்கிறதே என்று சுலபத்துக்காக 'அவங்க' போட்டுக்கொண்டேன். எங்களைப் போன்ற முட்டாள்களால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

மைதானத்தில் நல்ல கூட்டம். தலைமையாசிரியை அம்மா நடுவில் உட்கார்ந்து கூட்டத்தை நடத்தினார். மேடையில் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். இவர் கடைசி நாற்காலியில், சலவைச் சட்டையில், புதுப் பையன் மாதிரி முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் முதல் வரிசை. எனக்குப் பின்னால் சபைக் குடும்பங்கள். லாரிக்காரர் மைக்கை வாங்கி, "நம்ம வால்வுக்காரரை ஒண்ணே ஒண்ணு கேட்கணும்" என்று நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "உங்க பெரிய ஐயா..."

இவர் எழுந்துவிட்டார்.

நானும் எழுந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நாற்பது நாற்காலிகள் கிரீச்சென்று நகர்ந்தன. கூட்டம் ஒரு கணம் திகைத்துப் போய், அப்புறம் கொல்லென்று சிரித்தது. இவர் முகம் சிவந்து உட்கார்ந்தார். லாரிக்காரர் விடுவாரா? "அட, உக்காருங்க. நான் என்ன கேட்க வந்தேன்னா, பெரிய ஐயா..." மறுபடி எழுந்தார். மறுபடி நாங்கள் எழுந்தோம். மூன்றாவது தடவைக்கு விசில் அடித்தார்கள். லாரிக்காரர் மைக்கைக் கீழே வைத்து, "எனக்குக் கேள்வியே இல்லைங்க. பதில் நிக்குது பாருங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிப்போய் அந்த மைக்கைப் பிடுங்கி அவர் மண்டையில் போடலாம் போல இருந்தது. தலைமையாசிரியை நல்ல மனுஷி. "அவர் பதில் சொல்றதுக்காகத்தான் எழுந்தார். சொல்லுங்க ஐயா" என்று கைகொடுத்தார். பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே? என் வீட்டுக்காரர் மைக்குக்குக் கிட்டே போனார்.

"இல்லைங்க டீச்சர். பழக்கத்துலதான் எழுந்தேன். நாளைக்குச் சொன்னாலும் எழுந்துதான் நிப்பேன். எனக்கு நல்லது கெட்டது கத்துக் கொடுத்தது அவங்கதான்." கூட்டம் மறுபடி சிரிக்கத் தொடங்கியது. இவர் அதை அடங்கவிட்டு, வாசிக்கிற அந்தக் குரலில் சொன்னார். "ஆனா குழாய் அந்தத் தோட்டத்து வழியாத்தான் வரும். நான் ஜெயிச்சா வரும். கையைக் கட்டிக்கிட்டு அவங்க கிட்டக் கேட்பேன். வேண்டாம்னாங்கன்னா, கையைக் கட்டிக்கிட்டே போடுவேன்."

இது ஒத்திகையில் இல்லாத பதில். சிரிப்பு நின்றுவிட்டது. நான் பயந்துபோனேன். லாரிக்காரரை நினைத்து இல்லை, அந்த வாரக் கடிதத்தை நினைத்து.

கடிதத்தைக் கொண்டுவருவதும், இங்கே நடப்பதை மேலே எழுதிப் போடுவதும் சபைச் செயலாளர். அவர் வேறு யாருமில்லை, இவருடைய சொந்த அண்ணன், எனக்கு மூத்தார். அந்த வாரம் அவர் கூடத்துக்குள் வந்து உறையை மேசையில் வைத்தபோது தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, "பெரிய ஐயா எழுதுகிறார்" என்றார். எல்லாரும் எழுந்தோம். உறையைக் கிழித்தார். கண் ஒரு வரிக்கு முன்னால் ஓடியதை நான் பார்த்தேன். நின்றுவிடுவார் என்று நினைத்தேன். வாசித்தார்.

"'அன்புள்ள சபையாருக்கு. தோட்டத்தைத் தோண்டுவேன் என்று பொதுமேடையில் சொன்னவர் சபையின் மேசையில் நிற்பது முறையல்ல. அவர் தேர்தலிலிருந்து விலகட்டும். விலகாவிட்டால், இக்கடிதமே அவர் வாசிக்கும் கடைசிக் கடிதமாகட்டும்.'"

ஒரு சொல்லை விழுங்கவில்லை. ஒரு இடத்தில் குரல் இறங்கவில்லை. கீழே இருந்த தேதியையும் வாசித்தார், எப்போதும் வாசிப்பார். பிறகு கடிதத்தை நாலாக மடித்து உறைக்குள் வைத்தார். துண்டை எடுத்து அதையும் மடித்தார், நீலக் கரை மேலே தெரியும்படி. மேசையில் வைத்துவிட்டு, நடுவழியாக நடந்து வந்து, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். விலகுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவுமில்லை. நான் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்படி உட்காருவது முறையில்லை என்று மூத்தார் கண்ணைக் காட்டினார். நான் அவரைப் பார்த்த பார்வையில் மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் நாலு வருஷம் நான் பேசவில்லை.

ஓட்டு எண்ணினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் இவர் ஜெயித்தார். அந்த ஐந்து தெருக்களும் ஆள் விடாமல் வந்து போட்டிருந்தன. சபைக்காரர்கள் போட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பாதிப் பேருக்கு நான் துணி தைக்க முடியாமல் போயிருக்கும்.

பெரிய ஐயாவுக்கு மூன்று தடவை எழுதிக் கேட்டார். பதிலே இல்லை. நாலாவது மாதம் குழாய் விஷயம் நகராட்சிக் கூட்டத்துக்கு வந்தது. பார்க்கிறவர்களுக்கென்று சுவரோரம் இரண்டு பெஞ்ச் போட்டிருப்பார்கள். நான் போய் உட்கார்ந்தேன். தோற்றுப்போன லாரிக்காரரும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து, "வணக்கம்மா, கொடியெல்லாம் ரெண்டே நாள்ல பிரிஞ்சு போச்சு" என்றார். "காத்து அதிகம்" என்றேன்.

மொத்தம் பதின்மூன்று உறுப்பினர்கள். இவர் போக, ஆறு பேர் வேண்டும் என்றும் ஆறு பேர் வேண்டாமென்றும் இருப்பது ஊருக்கே தெரியும். சபையிலிருந்து ஒரு மறுப்புக் கடிதம் வந்திருப்பதாகச் சொல்லி, அதிகாரி எழுந்து வாசிக்கத் தொடங்கினார். "பெரிய ஐயா அவர்கள் சார்பில்..."

என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். நானும் சுவரோரம் எழுந்து நின்றேன். நான் என்ன செய்ய, கால் எழுந்துவிட்டது. லாரிக்காரர், "முடிஞ்சுது, ஆளு அந்தப் பக்கம் போயாச்சு" என்று முனகினார். இரண்டு பக்கக் கடிதம். அதிகாரி தடுக்கித் தடுக்கி வாசித்தார். அந்த எழுத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் எதிரே வாய்மூடி நின்றுகொண்டிருந்தார். சிலர் இவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கடிதத்தின் அடியில் இருந்த தேதி வரைக்கும் நின்று கேட்டார். பிறகு உட்கார்ந்தார்.

"குழாய் போட ஆதரவா இருக்கிறவங்க கை தூக்கலாம்."

ஆறு கை எழுந்தது. ஏழாவதாக இவர் கை. இரும்புச் சாவி திருப்பித் திருப்பிக் காய்ப்பேறின கை, எனக்கு நூறு கைகளுக்கு நடுவில் தெரியும். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. லாரிக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "உக்காந்தே இருந்திருக்கலாமே. எல்லாரும் என்னமோ நினைச்சுட்டாங்க."

"உக்காந்துட்டுக் கை தூக்கினா லேசா இருந்திருக்கும்மா" என்றார். "அவ்வளவு லேசா அவங்களுக்கு எதிரா எனக்குக் கை தூக்க வரல."

தோட்டத்தில் குழி வெட்டிய அன்று, முதல் மண்வெட்டியை அவரே வாங்கி, செடிகளை வேரோடு எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் தோண்டினார். ஐந்து தெருக்களுக்கும் தண்ணீர் வந்தது. மேசை மட்டும் அவருக்குத் திரும்பி வரவில்லை. புது வாசகர் மூக்கால் வாசிப்பார், முற்றுப்புள்ளியே போடமாட்டார். கடைசி பெஞ்சில் இவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கச் சகிக்காது.

ஒருநாள், சபைக்குப் போய்விட்டு வந்த கையோடு, மெஷினில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். "ஏங்க, எனக்கு எதையாவது வாசிச்சுக் காட்டுங்க. காது வறண்டு போச்சு." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் அகப்பட்டது நகராட்சிக் கூட்டத் தீர்மானம். "இதையா?" என்றார். "அதுதான்" என்றேன். எழுந்து நின்றார். சாக்கடை மூடி, தெருவிளக்கு, நாய் பிடிக்கிற வண்டி என்று ஒவ்வொன்றாக அந்தக் குரலில் வாசித்தார். நாய் வண்டிக்கு நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் வாரா வாரம் அதே நேரத்துக்கு வாசிப்பு. பதவி முடிந்த பிறகும் பழைய தீர்மானங்களையே திரும்பத் திரும்ப வாசித்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கண்ணை மூடும் வரைக்கும் அது நிற்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நல்ல நேரம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்லுவேன். அந்தக் குரலுக்கு இப்போது நான் எங்கே போவேன்?

நேற்று இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் டிவியை எப்போதோ அணைத்துவிட்டிருந்தாள். "அந்தக் குழாய்த் தீர்மானம் இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"மெஷின் டிராயர்ல, நூல்கண்டுக்கு அடியில பாரு."

எடுத்தாள். பழுப்பேறின தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தீர்மானம் எண் ஒன்பது, ரயில் பாதைக்கு அப்பால் உள்ள ஐந்து தெருக்களுக்கு" என்று ஆரம்பித்தாள். அவளுக்கு அவருடைய மூக்கு. குரலும் அதுதான் என்று இத்தனை வருஷம் நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

"எந்திரிச்சு நின்னு படிடி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று முதலிலிருந்து தொடங்கினாள். நானும் எழுந்தேன், முட்டி கிடக்கட்டும்.